நிலத்தடி

இது நான் கண்ணால் கண்டதல்ல. என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த நிரோஷா சொல்லிக் கேட்டது. அவளும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகளில், துணி மடித்தபடியும் தலை வாரியபடியும், நடுவில் நிறுத்தி, நிறுத்திய இடத்தை விட்டு வேறு இடத்திலிருந்து தொடர்ந்து சொன்னாள். நான் பொருளியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அவள் வீட்டில் அவள். வாசனைத் தொழில் எனக்குத் தெரியாது. தெரியாத இடங்களில் அவள் சொன்ன சொல்லையே வைத்திருக்கிறேன். அவள் சொல்லாமல் விட்ட சில இடங்களை நானாக நிரப்பியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இனி வரும் ‘நான்’ நிரோஷா. கடைசிப் பத்தியில் வருவது மட்டும் நான்.

அப்பாவுக்கு முன்னால் ஏழு பேர். ஆளுக்கு இரண்டு நிமிடம், பிறகு மணியடிக்கும் பெண் கறுப்புத் திரையைத் தூக்கிக் காற்று விட ஒரு நிமிடம், ஆக மூன்று, மூவேழு இருபத்தொன்று. இருபத்தொரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்தப் பழைய பங்களாவின் சாமான் அறையில் இப்போது சாமான் எதுவும் இல்லை, விளக்கும் இல்லை, நடுவில் ஒரு கல் உருளை, அதன் தலையில் நான் கலந்த வாசனை, அவ்வளவுதான். சுவரில், இந்தக் கண்காட்சியை வைத்திருக்கும் யாமினி மேடம் ஒட்டிய அட்டையில் ‘நிலத்தடி’ என்று ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறது, கீழே பத்து வரி ஆங்கிலம், அப்பாவுக்கு அது படிக்க வராது, நல்லதாகப் போயிற்று. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கிறார், பெட்டி மடிப்பு இன்னும் முதுகில் குறுக்காக ஓடுகிறது. ரேஷன் கடையில் நிற்பதுபோல் கையைப் பின்னால் கட்டியிருக்கிறார். முன்னால் நிற்கிற அம்மாளுக்கும் அவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கலாம், அவ்வளவு இடம். எங்கே நின்றாலும் அப்படித்தான் நிற்பார், பஸ்ஸில், கோயிலில், என் பட்டமளிப்பு விழாவில்கூட, தன் உடம்பிலிருந்து தோல் பதனிடும் டேனரியின் வாடை அடுத்தவருக்குப் போய்விடக் கூடாதென்று. அந்த இடைவெளியைப் பார்த்து வரிசை அங்கேயே முடிந்தது என்று நினைத்து ஒரு பையனும் பெண்ணும் வந்து நடுவில் நின்றுகொண்டார்கள். அப்பா அரை அடி பின்வாங்கி இடம் விட்டார். ஆக ஒன்பது. ஒன்பது மூன்று இருபத்தேழு. எனக்குப் பயம் நீண்டது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது, இன்னும் ஆறு நிமிடம் எனக்குத் தெரியாமலேயே இருக்கலாம். இன்றைக்குச் சனி. நாளை ஞாயிறு. திங்கட்கிழமை காலை அவர் தொட்டியின் மேல் குனிந்து மோந்து பார்த்து ‘எறங்கு’ என்று சொல்வார், இரண்டு பேர் இறங்குவார்கள். அவருக்கு மூக்கு இருக்கிறதா என்பது திங்கட்கிழமைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ராணிப்பேட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் கால் மணி நேரத்தில் அந்த டேனரி. சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் போய்ச் சேருகிற கழிவுத் தொட்டி ஒன்று அங்கே இருக்கிறது, மாதம் ஒருமுறை அடியில் தங்கும் சேற்றை வாரவேண்டும். மனிதன் இறங்கக் கூடாது என்பது சட்டம், இறங்குவதில்லை என்பது காகிதம். இறங்குவதற்கு முன் மூங்கிலால் சேற்றைக் கலக்கிவிட்டு அப்பா குனிந்து மோந்து பார்ப்பார். ஆளைக் கொல்லும் விஷவாயுவின் அழுகின முட்டை வாடை எவ்வளவு, அது ஏறுகிறதா இறங்குகிறதா, எச்சிலைத் துப்பிவிட்டுச் சொல்வார், இன்னிக்கு வேணாம், இல்லாவிட்டால் எறங்கு. இருபது வருடமாக அவர் சொல்தான். மேஸ்திரியே கேட்டுக்கொள்வார். அங்கே அவரை ஏகாம்பரம் என்று யாரும் கூப்பிடுவதில்லை, மூக்கர். ‘மூக்கரு பொண்ணு மூக்கு வேலைக்கே போயிடுச்சு பாரு’ என்று நான் அம்பத்தூரில் இந்த வாசனைக் கம்பெனியில் சேர்ந்தபோது சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். இந்தப் பொங்கலுக்குப் போனபோது அடுப்படியில் உட்கார்ந்து தினத்தாளை எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார், பக்கத்தில் கேஸ் அடுப்பின் குமிழ் திறந்து கிடந்தது, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எனக்கு மூச்சை அடைத்தது. ஓடிப்போய் மூடினேன். ‘இன்னா பாப்பா, இன்னா ஆச்சு’ என்றார். பிறகு ‘ஜலதோசம்’ என்றார். பங்குனியிலும் ஜலதோஷம். அம்மா என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள், ‘உங்கப்பா முன்ன மாதிரி இல்லடி, கொழம்புல ஒரு கொற சொல்றதில்ல, திருந்திட்டாரு.’ முதல் நாள் மீந்த மீன் குழம்பு லேசாகக் கெட்டிருந்தது, நான் வாயில் வைத்துவிட்டுத் துப்பினேன், அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கேட்க வேண்டியதுதானே, அப்பா உனக்கு மூக்கு வேலை செய்கிறதா என்று கேட்க வேண்டியதுதானே. கேட்டால் ஜலதோஷம் என்பார். அதன்பிறகு நான் இருக்கும்போது சட்டியைத் திறந்து, மோந்து பார்ப்பதுபோல் செய்வார். அவர் எனக்காக அப்படிச் செய்வதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மேஸ்திரியிடம் சொல்லலாம், சொன்னால் அவருக்கு அங்கே வேறென்ன வேலை, ஐம்பத்தாறு வயதில் தோல் தூக்கச் சொல்வார்களா. தப்பாகச் சொல்லிவிட்டால்? வெறும் ஜலதோஷமாகவே இருந்தால்? படித்தவள் என்ற மிதப்பில் அப்பன் பிழைப்பைக் கெடுத்தாள் என்பார்கள். அதனால் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தேன். மூன்று வருடம் வேதியியல் படித்ததில் எனக்கு ஒழுங்காகத் தெரிந்தது சோதனை ஒன்றுதான்.

லினன் புடவை கட்டிய ஒரு பெண் வெளியே வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள், பொத்தியதற்கு வெட்கப்படுபவள்போல் யாமினி மேடத்தைப் பார்த்து, ‘ரொம்பப் பவர்ஃபுல்’ என்றாள். அடுத்து ஒரு தாடிக்காரர். இப்போது எட்டு. யாமினி மேடம் சிற்பி, கல்லிலும் தகரத்திலும் செய்தவர், இந்த முறை கண்ணுக்குத் தெரியாத சிற்பம் செய்ய வேண்டும் என்று எங்கள் கம்பெனிக்கு வந்தார். அகர்பத்திக்கும் பினாயிலுக்கும் வாசனை கலக்கும் இடம் அது. ‘மழை பேஞ்ச மண்ணு மாதிரி எதாவது குடுத்துட்டு ஏமாத்தாதீங்க. அத சோப்புலயே போட்டுட்டாங்க. யாரும் விக்காத மண்ணு வேணும்’ என்றார். எங்கள் மேலாளர் சம்பத் சார் என் பக்கம் கையைக் காட்டி, ‘இந்தப் பொண்ணு செய்யும் மேடம், எங்களுக்கெல்லாம் வித்துப் பழகிடுச்சு’ என்றார். யாரும் விற்காத மண் எது என்று நான் யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது பொய், உடனே தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கொடியில் கிடந்த அப்பாவின் நீலச் சட்டையை, துவைக்காததை, பிளாஸ்டிக் பையில் சுருட்டி எடுத்துவந்தேன். கண்ணாடிக் குடுவைக்குள் போட்டு ஆறு மணி நேரம் காற்றை உறிஞ்சி மிஷினில் விட்டால் காகிதத்தில் கோடு மலை மலையாக வரும், ஒவ்வொரு மலையும் ஒரு பொருள். அந்த மலைகளை வைத்து ஃபார்முலா எழுதினேன், அதற்கு மேல் வெட்டிவேர், புனுகு, லிட்டருக்கு ஒரு துளிகூட அதிகம் என்கிற அளவுக்கு வீரியமான, ஈர மண் வாசம் தரும் மண் சத்து. ஊரில் அப்பா மூன்று நாள் தேடினாராம், ‘நாய் கீய் இழுத்துகினு பூட்ச்சா’ என்று அம்மாவிடம் அவர் கேட்டது எனக்குப் போனில் காதில் விழுந்தது. பள்ளிக்கூடத்துக்கு மார்க் அட்டையில் கையெழுத்துப் போட வரும் நாளில் எலுமிச்சம்பழத்தால் கையைத் தேய்ப்பார், நகக்கண்ணில் எரியும், பல்லைக் கடித்துக்கொண்டு தேய்ப்பார், பிறகு சோப்பு, பிறகு மறுபடியும் பழம். அப்படியும் எட்டாம் வகுப்பில் இரண்டு பெண்கள் ஜன்னலைத் திறந்தார்கள். அதை அவர் பார்த்தார், அவர் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த வாடையைத்தான் அறுபது மில்லி புட்டியில் அடைத்துக் கல் உருளையின் தலையில் வைத்திருக்கிறேன், அதற்கு வரிசை நிற்கிறது.

தாடிக்காரர் மணியடிப்பதற்கு முன்பே வந்துவிட்டார், தொண்டையில் கை. ஏழு. கலக்கும்போது எனக்குச் சட்டையிலிருந்து வந்த பகுதி தெரியவே இல்லை. மண் தெரிந்தது, வேர் தெரிந்தது, தோல் வாடை மட்டும் காகிதத்தில் இருந்தது, மூக்கில் இல்லை. பிறந்ததிலிருந்து மோந்த மூக்கு அதை வாசனை என்றே கணக்கில் எடுப்பதில்லை. தெரியவில்லையே என்று அளவை ஏற்றினேன், மறுபடியும் ஏற்றினேன், மூன்றாம் முறை சம்பத் சார் அறையை விட்டு எழுந்து போனார். யாமினி மேடம் கண்ணை மூடி நின்று ‘தொடாதீங்க, இதுதான்’ என்றார். அதனால் அப்பாவுக்கும் தோல் வாடை தெரியாமல் போகலாம், அதில் ஒன்றும் இல்லை, ஆனால் மண் தெரியாமல் போகாது, மூக்குள்ள எந்த மனிதனுக்கும் ஈர மண் தெரியாமல் போகாது. நேரே மண் என்று சொல்லிவிட்டால் மண் வாசம் நல்லாருக்கு என்று சொல்லிவிடுவார். அதனால் பொய் சொன்னேன். ரயிலடியிலிருந்து வரும்போதே, ‘மல்லிப்பூ சென்ட் ஒண்ணு செஞ்சிருக்கேன்பா, எப்படி இருக்குன்னு நீதான் சொல்லணும்’ என்றேன். மூக்கு இருந்தால் வெளியே வந்து, இது எங்க மல்லி, மண்ணு வாசம்ல வருது என்பார். சட்டையைக் கண்டுபிடித்தால் இன்னும் மோசம், என்னைப் பார்ப்பார், ஜன்னலைத் திறந்த பெண்களைப் பார்த்ததுபோல் பார்ப்பார், திரும்பிப் பேசாமல் ஊருக்குப் போய்விடுவார். அப்படியே நடக்கட்டும். அவர் அவமானப்படட்டும், என்னோடு பேசாமலே இருக்கட்டும், மோந்து பார்க்கிற அப்பா திரும்பிப் போகட்டும். பெற்றவருக்கு யாராவது இப்படி வேண்டிக்கொள்வார்களா என்று தெரியவில்லை. நான் வேண்டிக்கொண்டேன். யாமினி மேடம் அவரிடம் போய்விட்டார். ‘நீங்கதான் நிரோஷா அப்பாவா? முன்னாடி வாங்க சார், நீங்க ஏன் நிக்கணும்?’ அப்பா இரண்டடி பின்வாங்கினார். ‘இருக்கட்டும்மா. வரிசையிலயே வரேன். வெயில்ல நிக்கல, ஃபேன் கீழத்தானே நிக்கறோம்.’ மேடம் சட்டையைப் பற்றி எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தொழிலாளியின் சட்டை என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன், யாருடையது என்று சொல்லவில்லை. ‘உங்க பொண்ணு பெரிய ஆர்ட்டிஸ்ட்’ என்று மட்டும் சொன்னார். அப்பா தலையைக் குனிந்து சிரித்தார்.

ஐந்து. நான்கு. ஜோடியாக வந்த பையனும் பெண்ணும் சேர்ந்து போக வேண்டும் என்று மணியடிக்கும் பெண்ணோடு வாதாடினார்கள், முடியாது என்றாள், பையன் முதலில் போய் வந்தான். ‘மச்சி, எங்க ஹாஸ்டல் ரெண்டாவது மாடி பாத்ரூம்’ என்று அவளிடம் சொல்ல, அவள் ‘உன்னையெல்லாம் கூட்டிட்டு வந்தேன் பாரு’ என்று அவன் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனாள், வரும்போது சிரிக்கவில்லை, வெளிறியிருந்தாள். ‘எதுவோ செத்துக் கிடக்குற மாதிரி’ என்றாள். அப்பாவின் காதில் விழுந்ததா? விழுந்திருக்கும். மல்லிப்பூவுக்கு ஏன் இப்படிச் சொல்கிறார்கள் என்று யோசிப்பாரே, சோதனை கெட்டுவிடுமே, நான் போய் அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என் பக்கம் திரும்பினார். பெருமையாகத்தான் பார்த்தார். மணி அடித்தது. செருப்பைக் கழற்ற வேண்டாம் என்று அந்தப் பெண் சொல்லியும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனியத் தேவையில்லாத உயரமுள்ள வாசலில் குனிந்து உள்ளே போனார். திரை விழுந்தது. நான் மூச்சை நிறுத்திப் பார்த்தேன், விட்டேன். மனம் ஓடாமல் இருக்க ஃபார்முலாவை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன், வெட்டிவேர் எண்ணெய், புனுகு, மண் சத்து, மர எண்ணெய் இரண்டு, பிறகு சட்டையின் மலைகள், முதல் மலை, இரண்டாவது, கொழுப்பு அமிலங்கள், க்ரெசால், இண்டோல். இண்டோலில் நின்றேன். இண்டோல் அழுகலில் இருக்கிறது, அதற்காகத்தான் போட்டேன். மல்லிப்பூவிலும் இருக்கிறது. முதல் வாரமே எங்களுக்குச் சொல்லித் தருவது அதுதான், மல்லியை மல்லியாக்குவது அந்த ஒரு துளி அழுகல் என்று. ரோஜா என்று சொல்லியிருக்கலாம், எலுமிச்சை, சாம்பிராணி, உலகத்தில் எந்தப் பெயரையும் சொல்லியிருக்கலாம், நான் மல்லி என்று சொன்னேன். இப்போது அவர் மல்லி என்று சொன்னால் என் பேச்சைக் கேட்டுச் சொல்கிறாரா, இண்டோலை மோந்து சொல்கிறாரா? இருபது வருடம் அழுகல் காற்றைப் பிரித்துப் பிரித்து மோந்த மூக்கு, எல்லாரும் பிணம் என்கிற இடத்தில் அடியில் கிடக்கும் மல்லியைப் பிடித்திருக்கலாமே, அப்படியானால் அது எங்கள் யாரையும்விட நல்ல மூக்கு. அப்படியும் இருக்கலாம். ஓடிப்போய்த் திரையைத் தூக்கி, அப்பா, மல்லி இல்லை, நான் சும்மா சொன்னேன், நீயாகச் சொல் என்று கத்தலாம். ஒரு நிமிடம் இருக்கிறது. நின்ற இடத்திலேயே நின்றேன். உள்ளே அவர் இருமவில்லை. முனகவில்லை. இதுவரை போன எல்லாரிடமிருந்தும் ஏதாவது ஒரு சத்தம் வந்தது.

மணியடித்ததும் உடனே வரவில்லை, அந்தப் பெண் திரையைத் தூக்கிய பிறகுதான் வந்தார். செருப்பை மாட்டினார். முகத்தில் சுளிப்பு இல்லை, கண்ணில் நீர் இல்லை, கோயிலில் தீபாராதனை முடிந்து வெளியே வருகிறவரைப்போல் இருந்தார். ‘எப்படிப்பா இருக்கு?’ ‘நல்லாகீது பாப்பா. மல்லி. சாயங்காலம் கட்டிவெச்ச மல்லி மாரி.’ ‘வேற ஒண்ணும் வரலயாப்பா?’ ‘வேற இன்னா வரணும்?’ அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார், கைக்குட்டையோடு நின்றவர்களை, சுவரில் சாய்ந்திருந்த பெண்ணை, பிறகு என்னை. அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. அவருக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். ‘இவங்கல்லாம் இன்னாத்துக்கு மூஞ்ச சுளிக்கறாங்கோ? ஏசில இருந்து பழகினவங்களுக்கு மல்லி ஆவாது போலகீது’ என்று மெதுவாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து டீ குடித்தோம். டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்து ஒரு முறை இழுத்துவிட்டுக் குடித்தார், எனக்குக் காட்டவா, எப்போதும் குடிப்பதே அப்படித்தானா, முன்பெல்லாம் எப்படிக் குடிப்பார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை. ‘திங்கக்கெழம போறியாப்பா?’ என்றேன். ‘போவாம?’ என்றார். ‘நான் போலன்னா அவனுங்க எறங்க மாட்டானுங்க.’ ரயிலில் ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார வந்தவருக்காக இவர் ஜன்னல் கம்பியோடு ஒட்டிக்கொண்டார். நான் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை, மேஸ்திரிக்கும் போன் செய்யவில்லை. இண்டோல் இருந்தது, அது உண்மைதான், அதனால் நிச்சயமாகத் தெரியாது, நிச்சயமாகத் தெரியாமல் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக் கூடாது, அப்படித்தான் திங்கட்கிழமை பதினோரு மணி வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு அம்மாவுக்குப் போன் செய்து சாப்பிட்டாச்சா என்று கேட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆவணியில் என் சித்தி வீட்டு விசேஷத்துக்காக நான் ராணிப்பேட்டை போயிருந்தேன். நிரோஷாவிடம் சொல்லாமல், அந்தத் தொட்டியில் இறங்கும் இருவரையும் தனித்தனியாகப் பார்த்துக் கேட்டேன், ஒருவரை டீக்கடையில், மற்றவரை அவர் வீட்டு வாசலில். இருவரும் சொன்னது ஒன்றுதான். மூக்கர் மோந்து பார்ப்பது நின்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. மூங்கிலால் கலக்கிவிட்டு இப்போது அவரே முதலில் இறங்குகிறார். இடுப்பளவு சேற்றில் நின்று ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுகிறார். எண்ணி முடியும்வரை குரல் குழறாமல் இருந்தால் கையைத் தூக்குகிறார், பிறகுதான் மற்றவர்கள் இறங்க வேண்டும். எதுவரை எண்ணுவார் என்பதில் மட்டும் இருவரும் வேறுபட்டார்கள். நூறு என்றார் ஒருவர். இருநூறு என்றார் மற்றவர்.